புள்ளேரி என்றொரு ஆங்கிலச் சொல்

இந்த உலகத்தில் ஆங்கில மொழியோடு பங்காளிச் சண்டை போட்ட ஒரே ஆள் எங்கள் பனாமாதான். மற்றவர்கள் தங்களுக்கு இங்கிலீஷ் வரவில்லையே என்று வருத்தப்படுவார்கள். பனாமாவுக்கு அந்தக் கவலை கிடையாது. இங்கிலீஷுக்குள் தன் ஊர் வரவில்லையே என்பதுதான் அவருடைய வருத்தம். பாகப்பிரிவினையில் எல்லா ஊருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, தன் ஊரை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்கிற மாதிரிதான் பேசுவார்.

நான் தூத்துக்குடியில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்த புதிது. கம்பெனி பேர் வேண்டாம். வேலையை விட்டு வந்து வருஷக்கணக்காகிறது, இன்னும் அந்தப் பேரைக் கேட்டால் கால் தானாகக் காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடப் பார்க்கும். முதல் நாள் கேண்டீனில் தட்டை வைத்துக்கொண்டு எங்கே உட்காருவதென்று முழித்துக்கொண்டு நின்றேன். வெள்ளை ஓவரால் போட்ட, மீசை நரைத்த ஒருத்தர் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார்.

"உக்காரும்மா. எந்த ஊரு?"

"தூத்துக்குடிண்ணே."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆ! மக்ரூன்! மக்ரூன் வந்துகீது பாருங்கப்பா!" என்று கேண்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். நாலு மேஜை தள்ளி யாரோ கை தட்டினார்கள். தூத்துக்குடி என்றால் முந்திரி போட்டுச் செய்கிற மக்ரூன்தானே. அன்றைக்குத் தொலைந்த என் சொந்தப் பெயர், அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை திரும்பிக் கிடைக்கவில்லை.

எனக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை இது. திருநெல்வேலிக்காரன் அல்வா. திண்டுக்கல்காரன் பூட்டு. சிவகாசிப் பெண் பட்டாசு. "அல்வா இன்னிக்கு லீவு, பூட்டு ஓ.டி. பாக்குறான், பட்டாசுக்கு வயித்துவலி" என்று அவர் சூப்பர்வைசரிடம் சொல்லும்போது, புதிதாகக் கேட்பவர்களுக்கு இது கார் கம்பெனியா, தீபாவளிக் கடையா என்று சந்தேகம் வந்துவிடும். கமுதிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருந்தான். அவன் ஊருக்கு என்ன விசேஷம் என்று எவ்வளவு யோசித்தும் யாருக்கும் பிடிபடவில்லை. பனாமா அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தன் முட்டையை அவன் தட்டில் வைத்துவிடுவார். "இவன் நம்ம கட்சிம்மா" என்பார்.

அவர் வேலை பெயிண்ட் ஷாப்பில். காருக்குக் கடைசிப் பூச்சு அடிப்பதற்கு முன்னால், பிசுபிசுப்பான ஒரு துணியால் வண்டி முழுக்கத் துடைத்துத் தூசி எடுக்க வேண்டும். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி செய்வார். துடைத்துக்கொண்டே வண்டியோடு பேசுவார் என்று ஒரு வதந்தியும் உண்டு. நான் பார்த்ததில்லை. ஆனால் நம்பினேன்.

இந்த ஊர்ப் பைத்தியம் அவருக்குப் பிடித்ததற்குக் காரணம் எங்கள் சென்ட்டு சார். அவர் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பெயிண்ட் எஞ்சினியர், ஆறரை அடி உயரம். சொந்த ஊர் கொலோன். நம் வீடுகளில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடுவோமே, ஓடிகொலோன், அந்த கொலோன்தான். இது தெரிந்த அன்றைக்கு பனாமா பாதி நாள் வேலை பார்க்கவில்லை. "ஜுரம் வந்தப்பல்லாம் எங்க ஆத்தா என் தலையில வெச்சது இவரு ஊரையாம்மா!" என்று ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னார். வெள்ளைக்காரர் அன்றிலிருந்து சென்ட்டு சார் ஆனார்.

ஓர் ஆயுத பூஜைக்கு பனாமா கட்டம் போட்ட சட்டையில் வந்தார். சென்ட்டு சார் அதைத் தொட்டுப் பார்த்து "மெட்ராஸ்!" என்றார். ஊரைச் சொல்கிறார் என்று நினைத்து பனாமா கிழக்கே கையைக் காட்டினார். அப்புறம் நான் நடுவில் நின்று விளக்க வேண்டியதாயிற்று. அந்தத் துணிக்கே வெளிநாட்டில் மெட்ராஸ் என்றுதான் பேர். ஊர்ப் பேராக இருந்தால் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் ஆரம்பிப்பார்கள், துணியின் பேராகிவிட்டால் சின்ன எழுத்து போதும். லண்டன் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு மெட்ராஸ் கொடு என்றால், கண்ணில் தண்ணீர் வருகிற காரத்தோடு ஒரு குழம்பு வரும் என்று சென்ட்டு சார் வேறு எடுத்துவிட்டார்.

பனாமா சிரிக்கவில்லை. தன் சட்டையைத் தடவிப் பார்த்தார். "மெட்ராஸுன்ற பேரையே எடுத்துட்டானுங்க. ஆனா சட்டையில இருந்து எடுக்க முடியல பாத்தியா மக்ரூன்? சின்ன எழுத்து ஆய்ட்டா எவனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவருடைய ஊர் புள்ளேரி. ஒரு சின்ன ஏரி, அதை ஒட்டிக் கொஞ்சம் வீடுகள். தொழிற்பேட்டைக்காக நிலம் எடுத்தபோது ஊரை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். சனங்களுக்குப் பக்கத்திலேயே மாற்று இடம் கொடுத்தார்கள். அதற்குப் பேர் வெறும் காலனி. புள்ளேரி இருந்த இடத்தில் இப்போது எங்கள் கம்பெனியின் இரண்டாவது கேட், லாரி நிறுத்துமிடம். பனாமா ஒன்றும் ஊரை நினைத்துக் கண்ணீர் விடுகிற ரகம் இல்லை. "அங்க இன்னா இருந்துச்சு, கொசுவும் கருவேல முள்ளும். காலனியில கக்கூஸாச்சும் கீது" என்பார். ஊர் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. பேர் போனதுதான் பொறுக்கவில்லை. "ஊருன்னா போவும் வரும். பேரு இன்னாம்மா பண்ணுச்சு? அதுக்கு எடம் வோணுமா, பட்டா வோணுமா? ஒரு வாயி இருந்தா போதும், அதுல கெடந்துட்டுப் போவுது."

அந்தப் பேரை யாராவது ஒருத்தர் வாயில் எப்படியாவது போட்டுவிடுவது என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டது அப்போதுதான். தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் ஏறினால், "புள்ளேரி ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பார்.

"அப்டி ஒரு ஸ்டாப்பே கெடையாது பெருசு" என்பார் கண்டக்டர்.

"அப்ப நான் பொறக்கவே இல்லியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட் டூவா, இல்லியா?"

"கேட் டூல எவனாச்சும் பொறப்பானாய்யா?"

பஸ்ஸே சிரிக்கும். கடைசியில் கேட் இரண்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது "புள்ளேரி வந்துருச்சு, எறங்கு எறங்கு" என்று யாருமே கேட்காத அறிவிப்பு ஒன்றைச் செய்துவிட்டுத்தான் இறங்குவார்.

இதற்கிடையில் சென்ட்டு சார் லீவுக்குப் போய் வந்தபோது அவருக்கு ஒரு வெள்ளைத் தொப்பி கொண்டுவந்து கொடுத்தார். பனாமா தொப்பி. அதை ஈக்வடாரில் நெய்கிறார்கள், பேர் மட்டும் பனாமாவுக்கு என்று தொப்பியோடு தகவலையும் சேர்த்துக் கொடுத்தார். தகவலைக் கொடுத்திருக்கக் கூடாது. "நம்ம கதைதாம்மா! நெய்யறவன் ஒருத்தன், பேரு இன்னொருத்தனுக்கு. நாம தொடைக்கிற வண்டிக்கு எந்த ஊரு பேரு வெச்சிகீறான்? எங்கியோ ஒரு மலைப்பட்டணம். அந்த ஊர்க்காரன் ஒருத்தனாச்சும் வந்து ஒரு கதவத் தொடைச்சானா?" ஷிப்ட் பஸ்ஸில், சந்தையில், கல்யாண வீட்டில் எங்கே பார்த்தாலும் அந்தத் தொப்பி. அவருக்குப் பனாமா என்று பேர் வைத்தது நாங்கள்தான். எங்கள் எல்லோருக்கும் அவர் பேர் வைத்ததற்குப் பழிக்குப் பழி.

முதல் முயற்சி டீயில் ஆரம்பித்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். பைபாஸ் முழுக்கக் கும்பகோணம் காபி விற்கும்போது புள்ளேரி டீ ஏன் விற்கக் கூடாது என்று பனாமா அவரைப் பிடித்துக்கொண்டார். சுக்கும் ஏலக்காயும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, போர்டும் எழுதி வைத்தாயிற்று. டீ நன்றாகவே இருந்தது. நான் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் வந்தவர்கள் எல்லாம் "புள்ளேரி எங்க கீது?" என்று கேட்டார்கள். பாயும் நேர்மையாக "தோ, அந்த கேட்டாண்ட" என்று கையைக் காட்டினார். "இங்கயேவா? அப்ப சாதா டீயே குடு" என்றார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊருக்காக யாரும் கூடக் காசு கொடுப்பதில்லை. பிராண்டுக்குத் தூரம் வேண்டும்.

பாய் வியாபாரி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "புள்ளேரின்னு மலை மேல ஒரு எஸ்டேட்டு" என்று சொல்ல ஆரம்பித்தார். டீ பறந்தது. பனாமாவுக்குச் சேதி எட்டியது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்கே போய்விட்டார்.

"எங்க ஊர்ல ஏதுய்யா மலை? ஏரிதான இருந்துச்சு?"

"அட இன்னா பனாமா நீ, பேரு ஓடுதா இல்லியா? அத்த பாரு."

"பொய்யில ஓடுனா அது எங்க ஊரு இல்ல. வேற ஏதோ ஊரு."

அவரே போர்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அப்போது எரிச்சலாக வந்தது. அந்த மலையை மட்டும் அவர் ஒத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கு பைபாஸ் நெடுக புள்ளேரி டீ ஓடிக்கொண்டிருக்கும். மனிதர் அப்படி.

அடுத்து மனைப்பிரிவு. காலனிக்குப் பக்கத்தில் கொடி நட்டு, குடை விரித்து, ஜெனிவா லேக் வியூ என்று ப்ளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். பனாமா நேராக அந்த மேனேஜரிடம் போனார். என்னையும் இங்கிலீஷ் உதவிக்கென்று இழுத்துக்கொண்டு போனார். மேனேஜர் சேலம் தமிழ் பேசினார், எனக்கு அங்கே வேலையே இல்லை.

"ஜெனிவா எதுக்கு சார்? புள்ளேரி கார்டன்னு வெய்யுங்க. மெய்யாலுமே இங்க இருந்த ஊரு."

மேனேஜர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெரியவரே, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு சென்னையே மூழ்கின வருஷத்துக்கப்புறம் ஏரின்னு பேர்ல இருந்தாலே ஜனங்க கிட்ட வர்றதில்லைங்க. பயந்து ஓடிப் போயிடுறாங்க."

"நீங்களே லேக்குன்னுதான வெச்சிகீறீங்க?"

"லேக்குன்னா வியூங்க. ஏரின்னாதாங்க வெள்ளம்."

திரும்பி நடந்தோம். கேட் இரண்டு வந்ததும், "தண்ணி ஒண்ணுதானம்மா?" என்று மட்டும் கேட்டார் பனாமா.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் சும்மா இருந்தார். சென்ட்டு சார் மறுபடி ஊருக்குப் போய்வந்து, இந்தத் தடவை தன் ஊர்ச் சரக்கையே ஒரு பாட்டில் கொடுத்தார். அசல் ஓடிகொலோன். பனாமா அதைச் சாமி பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நல்ல மழைக்காலம் அது. வண்டிகளின் மேல் ஒரு புதுக் குறை வர ஆரம்பித்தது. சின்னச் சின்ன வளையங்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்துப் பார்த்தால், குளத்தில் மழையின் முதல் சொட்டு விழுந்தாற்போல வட்டம் வட்டமாகத் தெரியும். முதலில் அதைக் கண்ணில் பார்த்தது பனாமாதான். பெயிண்டில் வருகிற குறைகளுக்கு இங்கிலீஷில் ஏற்கெனவே ஆரஞ்சுத் தோல், மீன் கண் என்றெல்லாம் பேர் உண்டு. இது எதிலும் சேரவில்லை. எங்கள் பெயிண்ட் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. காரணம் தெரியாத குறைக்கு, காரணம் தெரிகிறவரை, முதலில் பார்த்தவர் ஒரு பேர் வைக்கலாம். அதற்கு முந்தின வருஷம் வந்த ஒரு குறைக்கு 'மாமியார்' என்று பேர் வைத்திருந்தான் அல்வா. எப்போது வரும், ஏன் வரும், என்ன செய்தால் போகும் என்று யாருக்கும் தெரியாததால்.

காலை மீட்டிங்கில் சென்ட்டு சார் பனாமாவைப் பார்த்துக் கேட்டார். "வாட் டூ வி கால் இட்?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். பனாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் சம்மதமா என்று கேட்டவுடன் தலையாட்டுகிற மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் பல்லாக, "புள்ளேரி சார்!" என்றார்.

"புள்ளேரி" என்றார் சென்ட்டு சார். வெள்ளைக்காரர் வாயில் அந்த வார்த்தை வழுக்கிக்கொண்டு அழகாகவே வந்தது. வெள்ளைப் பலகையில் எழுதியும் போட்டார்.

அந்த வாரம் பனாமா தரையில் நடக்கவில்லை. "டூ புள்ளேரி ஆன் த லெஃப்ட் டோர்" என்று யாராவது சொன்னால் போதும், "கேட்டியா மக்ரூன், கேட்டியா!" என்று என் தோளைத் தட்டுவார். நான் மெதுவாக, "அண்ணே, அது குறையோட பேருல்லா?" என்றேன்.

"இருக்கட்டுமே. இங்கிலீஷ்ல வந்துச்சா இல்லியா? மெட்ராஸும்தான் கண்ணுல தண்ணி வர வெக்குது. அத்த எவனாச்சும் தப்புன்றானா?"

சரி, சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் வளையங்கள் நிற்கவில்லை. நாளுக்கு நாள் கூடின. வண்டிகள் தேங்கின. மேலிடத்துக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கம்பெனிகள் என்ன செய்யும்? ப்ளெக்ஸ் அடிக்கும். ஒரு நாள் காலையில் ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கினால், இரண்டாவது கேட்டின் குறுக்கே, அந்த ஊர் இருந்த அதே இடத்தில், ஆள் உயர எழுத்தில் ஒரு பேனர். 'புள்ளேரியை அடியோடு ஒழிப்போம்!'

பனாமா அதன் கீழே தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா. அவரும் கம்பெனியில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை. காலனியிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள் நாலைந்து பேர் துடைப்பத்தோடு பின்னால் நின்றார்கள். அக்கா மட்டும் பேனரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏண்டா, அதான் எப்பவோ எடுத்துக்கினு பூட்டாங்களேடா. இன்னும் ஒழிக்கிறதுக்கு இன்னா பாக்கி கீது?"

பேர் வைத்தது தான்தான் என்று சொல்ல பனாமாவுக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஓர் ஊர்ப் பெயருக்கு முன்னால் வாயடைத்து நின்றதை அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு அந்த பேனரைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது.

சென்ட்டு சாரிடம் போனோம். வேறு பேர் மாற்றிக்கொள்ளலாம், என் ஊர்ப் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர், நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் பேர் ஏற்கெனவே ஜெர்மனிக்குப் போய்விட்டது. அங்கேயும் இதே மாதிரி வளையம் பார்த்திருக்கிறார்கள், அவர்களும் புள்ளேரி என்றே சொல்கிறார்கள். "இட்ஸ் அ வேர்ட் நவ்" என்று கையை விரித்தார். பனாமா ஆசைப்பட்டது அப்படியே, ஓர் எழுத்து பிசகாமல் நடந்துவிட்டது.

அதற்கப்புறம் அவருக்கு ஒரே வெறி. இந்த வளையம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. பெரிய பெரிய எஞ்சினியர்கள் காற்றில் ஈரம், குழாயில் எண்ணெய் என்று குடைந்துகொண்டிருந்தார்கள். பனாமா தன் பங்குக்கு லீவு நாளில்கூட வந்து நின்று பார்த்தார். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் வந்து உட்கார்ந்தவர் சோற்றைப் பிசையாமலே இருந்தார்.

"நான் லீவு போட்ட அன்னிக்கு புள்ளேரி வர்றதில்ல மக்ரூன்."

"அதுக்கு என்னண்ணே?"

ஓவரால் பட்டனைக் கழற்றி, உள்ளே சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை லேசாக இழுத்துக் காட்டினார். வாசனை மேஜை முழுக்க வந்தது. ஓடிகொலோன்.

பெயிண்ட் ஷாப்புக்குள் சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் கூடாது. பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகிவிடும். வேலைக்குச் சேர்கிற அன்றைக்கே சொல்லிக்கொடுக்கிற சட்டம். புதுப் பையன்கள் தலையை மோந்து பார்த்து, எண்ணெய் இருந்தால் திருப்பி அனுப்புகிறவரே பனாமாதான்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாத சட்டமா? சென்ட்டு போட்டுட்டு உள்ள போகலாமா?"

"நான் எங்கம்மா சென்ட்டு போட்டேன்?" என்று நிஜமாகவே திடுக்கிட்டார். "இது சென்ட்டு இல்லியே. ஊரு. அவரு ஊரு. டீ டைம்ல எடுத்து மோந்து பாத்துட்டு வெச்சிக்குவேன். கையில ஒட்டியிருக்கும்னு தோணவே இல்ல."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. இன்னொருத்தர் ஊரை மோந்து பார்த்த கையோடு வண்டியைத் துடைத்திருக்கிறார், அதற்குத் தன் ஊரின் பேரையே வைத்திருக்கிறார்.

அவர் வெகுநேரம் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பாட்டில்ல பாதிக்கு மேல கீது. வெச்சிருந்தேன்னு வெய்யி, பேரு நிக்கும். வுட்டுட்டேன்னா பேரும் பூடும். வேற எதுலயும் ஒட்டல, இதுல ஒண்ணுலதான் ஒட்டிச்சு."

"என்ன செய்யப் போறீங்கண்ணே?"

"வண்டி இன்னாம்மா பாவம் பண்ணுச்சு?" என்றார். எழுந்து போய் அந்தக் கைக்குட்டையைக் கேண்டீன் குப்பைத் தொட்டியில் போட்டார். பாட்டிலை அன்றைக்கே அக்காவிடம் கொடுத்துவிட்டார், ஜுரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி.

மறுநாளிலிருந்து புள்ளேரி வரவில்லை. ஏர் பில்டரை மாற்றியதால்தான் சரியாயிற்று என்று எஞ்சினியர்கள் அறிக்கை கொடுத்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள். நிஜத்தை யாரிடமாவது சொல்லிவிடலாமா என்று கேட்டேன். சென்ட்டு சார் மனசு கஷ்டப்படும், கொடுத்த பரிசு அல்லவா என்று தடுத்துவிட்டார். புள்ளேரி ஒழிந்ததைக் கொண்டாட கேண்டீனில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். பனாமா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோ பாரு, மைசூரு" என்றார். அவர் அதைச் சாப்பிடவில்லை. கமுதிப் பையன் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பேனரைக் கழற்றியபோது மட்டும் செக்யூரிட்டியிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் 'யை அடியோடு ஒழிப்போம்' என்பதைக் கத்தரித்துவிட்டு, மிச்சத்தைக் காலனி முனையில் இரண்டு கம்பு நட்டுக் கட்டினார். நான் போய்ப் பார்த்தேன். 'புள்ளேரி', ஆள் உயர எழுத்தில். ஷேர் ஆட்டோக்காரர்கள் கொஞ்ச நாள் விளையாட்டுக்கு "புள்ளேரி, புள்ளேரி" என்று கூவினார்கள். அந்தக் கொஞ்ச நாளும் அவர் வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோ நிறுத்தத்தில் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த மழையில் காற்று ப்ளெக்ஸைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. கம்பு மட்டும் நின்றது.

நான் கல்யாணமாகி, வேலை மாறி, சென்னைப் பக்கம் வந்துவிட்டேன். பனாமாவும் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தீபாவளிக்கு போன் செய்தால் எடுத்தவுடன் "மக்ரூன்!" என்பார். அப்புறம் ஒரு தீபாவளிக்கு அக்கா எடுத்தார். "அவன் பூட்டாம்மா, ஆடியில" என்றார். தொப்பியைக்கூட வைத்தே அனுப்பினார்களாம். போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

போன மாதம் வேலை விஷயமாக புனே பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அது வேறு கம்பெனி, வேறு வண்டி. பெயிண்ட் ஷாப்பைச் சுற்றிக் காட்ட ஒரு சின்னப் பெண், புது எஞ்சினியர். நானும் தமிழ் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டிக் கூரை ஓரத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பக்கத்தில் நின்ற மராட்டிப் பையனிடம் இங்கிலீஷில் சொன்னாள். "செக் ஃபார் புள்ளேரிஸ் ஹியர்."

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "என்னம்மா சொன்ன?"

"புள்ளேரி மேடம். வட்ட வட்டமா வரும், அந்த மார்க்குக்குப் பேரு. எல்லா கம்பெனியிலயும் அப்படித்தான் சொல்றாங்க."

"ஏன் அந்தப் பேரு?"

"தெரியல மேடம். ஏதோ இத்தாலி வார்த்தைன்னு நினைக்கிறேன்."

ஒரகடத்தில் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் டீக்குக்கூட ஆகாத பேர். இப்போது இத்தாலி. அவர் போன் எடுத்த கடைசித் தீபாவளிக்கு முன்னால் இது என் காதில் விழுந்திருந்தால் போனில் சொல்லியிருப்பேன். எத்தனை கத்து கத்தியிருப்பார்! மேலே போகிற பஸ்ஸில் கண்டக்டரிடமாவது சொல்லியிருப்பார். இதை அவரிடம் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. இத்தாலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கௌரவமாகத்தான் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம், போர்டைக் கழற்றிக்கொண்டு வந்தவர் ஞாபகம் வந்தது.

"இத்தாலி இல்லம்மா. ஊருப் பேரு. ஒரகடத்துக்குப் பக்கத்துல. மலையெல்லாம் கெடையாது, சின்னதா ஒரு ஏரி இருந்துச்சு" என்றேன்.

அவள் முழித்தாள். "நீ எந்த ஊரும்மா?" என்றேன்.

"மணப்பாறை மேடம்."

"ஆ! முறுக்கு!" என்றேன், அந்தத் தொழிற்சாலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி. "வா முறுக்கு, டீ சாப்பிட்டுக்கிட்டே சொல்லுதேன். எங்க அண்ணன் ஊரு அது."